ஏழு சீரில் மூடிய துளை

“ஐயா, அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. உதை நீங்களே ஒருக்கால் வாசிச்சுப் பயனும் சொல்லிவிடுங்கோ.”

மேசன் தவராசா இப்படிக் கேட்டபோது, புதுக்கிய மடத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே நாங்கள் மூன்று பேர் நின்றோம்: அவர், அவருடைய தாயார், நான். திறப்பு விழா நாள். முன்புறத்தில் நாதஸ்வரம் ஒலிபெருக்கிக்குள் அகப்பட்டுக் கரகரத்துக்கொண்டிருந்தது. புதுச் சுண்ணாம்பின் மணமும், மிதிபட்ட வாழையிலையின் மணமும், பன்னீர் மணமும் வெயிலில் ஒன்றாய்க் கலந்து தலையை வலிக்கச் செய்தன.

‘உது’ என்று அவர் காட்டியது சுவரில் பதித்திருந்த கருங்கற் பலகையை. அதிலே ஈரடியில் ஒரு குறள் வெண்பா வெட்டப்பட்டிருந்தது. இயற்றியவன் நான். பலகைக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், ஒரு கை நுழையக்கூடிய துளை ஒன்று சுவரை ஊடுருவி நின்றது.

தாயார் உடுப்பிட்டியில் மகளோடு இருக்கிறார். தவராசா அன்று காலை அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இறங்கியவர் பந்தலைப் பார்க்கவில்லை, வாழை கட்டிய வாசலையும் பார்க்கவில்லை. மடத்தைச் சுற்றிக்கொண்டு, ஒருவரிடமும் வழி கேளாமல், நேரே இந்தச் சுவரடிக்கு நடந்து வந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பக்கம் கால் வைக்காதவர்.

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை விரித்துச் சொல்லுவார். அதைத்தான் பயன் சொல்லுதல் என்கிறோம். நாற்பது வருடம் பயன் சொன்ன நாக்கு என்னுடையது. அன்றைக்கு முதன்முறையாய், பொருள் தெரியாதவனாய் இருந்திருக்கலாமே என்று விரும்பினேன்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் தேர்களையும் திருவிழாக்களையும் எழுதியபோதெல்லாம் மகிழ்ந்த வாசகர் சிலர், “மடத்துத் திருப்பணியை எப்போது எழுதப்போகிறீர்கள்?” என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள். இனிப்பான ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

மடமும் சுண்ணாம்பும்

சுன்னாகத்திலிருந்து வடகரைக் கோயிலுக்குப் போகும் பழைய பாதையில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அந்த மடம் நிற்கிறது. நாற்புறமும் விறாந்தை, நடுவே முற்றம், முற்றத்தில் துலாக் கிணறு. சுவர்கள் முருகைக்கல். கால்நடையாய்ப் போகிற அடியார்கள் இரவு தங்கி, கஞ்சி குடித்து, விடியப் புறப்பட்டுப் போவதற்காக என் பாட்டனாரின் பாட்டனார் கட்டித் தருமசாதனமாய் எழுதிவைத்தது. அந்தப் பெருமையைச் சிறுவயது முதல் சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள். இன்றைக்கும் அது முழுதாய்ச் செரிக்கவில்லை.

யுத்தத்தில் செல் விழுந்து கூரை போயிற்று. அதற்கு முன் சில மாதம் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. நானும் குடும்பத்தோடு பதினொரு நாள் தங்கினேன். கிணற்றடியில் ஒரேயொரு வாளிதான் இருந்தது. எந்த ஊரவர், எந்தக் குடி என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அதில் அள்ளினோம், எல்லோரும் அதில் குடித்தோம். மரணபயம் வந்து எங்களை ஒரு வாளிக்குக் கொண்டுவந்தது. பயம் நீங்கியதும் அவரவர் செம்பை அவரவர் தேடிக்கொண்டோம். இதைப் பற்றி எவரும் ஒரு தீர்மானமும் நிறைவேற்றவில்லை. தானாகவே நடந்தது.

நான் அரச கட்டடப் பகுதியில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால், மடத்தைப் பழைய வடிவிலேயே புதுக்குவதென்று பரிபாலன சபை முடிவு செய்தபோது மேற்பார்வை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பணிவுக்காக. உண்மையில் அதற்காகக் காத்திருந்தேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனைத் தேடியபோது எல்லோரும் தவராசாவின் பெயரையே சொன்னார்கள். அறுபது வயது. பேச்சில் எப்போதும் ஒரு குத்து இருக்கும். முதல்நாளே சுவரை விரல்மொழியால் தட்டிப் பார்த்து, “சீமெந்து பட்டால் உது மூச்சடைச்சுச் செத்துப்போகும், ஐயா,” என்றார். குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி ஊறவிட்டார். நான் ஒரு கிழமை கழித்துப் போய், “இன்னும் எத்தினை நாள்?” என்று கேட்டேன்.

“சுண்ணாம்பும் கலியாணப் பேச்சும் ஊறத்தான் வேணும். அவசரப்பட்டால் பேந்து வெடிக்கும்.”

நான் அவரை ‘நீர்’ என்றேன். அவர் என்னை ‘நீங்கள்’ என்றார். அவருக்கும் எனக்கும் இடையே பதினாறு வயது வித்தியாசம் என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

சாந்து உரித்த காலை

வடக்குச் சுவரின் உட்புறம் பழைய கஞ்சி மடைப்பள்ளி. அங்கே இரண்டு விரல் கனத்துக்குப் பிற்காலத்துச் சீமெந்துப் பூச்சு இருந்தது. அதை உரித்த காலையில், ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னே கல்லில் குடைந்த கிண்ணம் போன்ற ஒரு குழிவு தெரிந்தது. குழிவின் அடியில் துளை. தவராசா கையை உள்ளே விட்டார். முழங்கை போயிற்று, தோள்வரை போயிற்று.

“விரல் அங்காலை காத்துப்படுது, ஐயா. உதென்ன?”

“மழைத்தண்ணி வடியிற பீலியாய் இருக்கும்,” என்றேன்.

அவர் கையை இழுத்துத் தூசியைத் தட்டினார். “குசினிக்குள்ளை மழை பெய்யிறதோ?”

மரபுரிமை அலுவலகத்திலிருந்து வேலையைப் பார்க்க வருகிற ரூபி என்ற இளம் உத்தியோகத்தர் அன்று அங்கே நின்றார். மெதடிஸ்த குடும்பத்துப் பெண். பேச்சு குறைவு, அளவுநாடா கையை விட்டு நீங்காது. உள்ளே அளந்தார், வெளியே போய் அளந்தார், திரும்பி வந்தார்.

“உள்பக்கம் அகலம். வெளிப்பக்கம் ஒடுங்கி மூக்கு மாதிரி நீட்டியிருக்கு. உள்ளையிருந்து ஊத்த, வெளியிலை நிண்டு வாங்கிறதுக்கெண்டு செய்திருக்கினம். ஆர் ஊத்தினது, ஆர் வாங்கினது?”

தவராசா என்னை ஒருமுறை பார்த்தார்.

“மிஸ், எனக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்,” என்றார் தவராசா. “ஆர் முதல் சொல்லுறது எண்டதிலைதான் பிரச்சினை.”

ரூபி என்னைப் பார்க்காமல், நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “எங்கடை பக்கமும் பெரிய சுத்தமில்லை. மிஷன் பள்ளிக்கூடங்களிலை ஒரு காலம் சிலருக்கு இருக்க வாங்குப்பலகை, சிலருக்கு நிலம். செபம் மட்டும் எல்லாருக்கும் ஒண்டு.”

பிறகு தம் கொப்பியில் எழுதினார். அந்தத் துளை கட்டடத்தின் மூல அங்கம். அதை அடைக்கவோ அகற்றவோ கூடாது. அது என்னவென்று அருகிலே ஓர் எழுத்துப் பலகை வைக்க வேண்டும். “என்ன எழுதிறது எண்டது சபையின்ரை பொறுப்பு, ஐயா. நீங்கள் இருக்கிறபடியால் எனக்குப் பயமில்லை.”

இரண்டு மாதத்தில் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது. பயமில்லாமல்தான் போயிருப்பார்.

நான் அறிந்திருந்தது

பீலி என்று நான் சொன்னது பொய். கட்டி விழுந்த கணமே அதை அடையாளம் கண்டேன்.

எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாதென்று நாங்கள் விலக்கி வைத்த மக்கள் வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில் நிற்பார்கள். மடத்துக்குள் இருக்கிற ஒருவர் செம்பில் அள்ளிக் கிண்ணக் கல்லில் ஊற்றுவார். நீர் கல்லினூடே ஓடி, வெளியே ஏந்திய கைகளில் விழும். செம்பு கையிற் படாது, கை செம்பிற் படாது, முகமும் முகமும் காணாது. என்ன நுட்பமான வேலைப்பாடு. அவர்களும் அடியார்களே, அவர்களும் அதே கோயிலை நோக்கித்தான் நடந்தார்கள். கோயிலில் வெளிவீதியோடு நின்று கும்பிட்டார்கள் என்பது வேறு கதை.

அந்தச் சாதிகளின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலே வாசிக்கிற எல்லோருக்கும் விளங்கும். அதுதான் எங்கள் ஊரின் கெட்டித்தனம்.

ஏழெட்டு வயதில் சில விடுமுறைகளில் ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. தருமம் செய்யப் பழகட்டும் என்று விட்டார்கள். துளையூடே குனிந்து பார்த்தால் விரல்கள் மட்டும் தெரியும். தண்ணீர் நின்றதும் அவை மெல்ல அசையும். இன்னும் வேண்டும் என்பது அதன் பொருள். அந்த அசைவைப் பார்ப்பதற்காகவே நான் நிறுத்தி நிறுத்தி ஊற்றினேன். விளையாட்டு அது. வெளியிலிருந்து ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லக்கூடாதென்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லமாட்டார்களென்பது எனக்கும் அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

இதை என் மனைவிக்கும் சொன்னதில்லை. வளர்ந்தபின் மடைப்பள்ளியைப் பூசி மறைத்தார்கள். யார், எப்போது என்று நான் விசாரிக்கவில்லை. நன்றாய் மறைத்தார்கள் என்று ஆறுதல் அடைந்தேன்.

பின்னாளில் பதிகங்கள் என்னை ஆட்கொண்டன. விடியற்காலையில் நீராடி, நீறணிந்து, பண்ணோடு ஓதாமல் நான் வாயில் நீர் விடுவதில்லை. குலம் பாராமல் இறைவன் அடியாரை ஏற்றுக்கொண்ட இடங்களுக்குப் பயன் சொல்லும்போது கண் கலங்குவேன், கேட்போரும் கலங்குவார்கள். எங்கள் கண்ணீர் ஒருநாளும் மண்டபத்தைத் தாண்டி வெளியே போனதில்லை. அந்தக் கண்ணீரையும் நாங்கள் உள்ளேயே அள்ளி உள்ளேயே ஊற்றிக்கொண்டோம்.

நான் கொடுத்த வாக்கு

துளை வெளிப்பட்ட செய்தி கேட்டு மறுநாள் சபைத் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர், என் பால்ய நண்பர். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு குழிவைப் பார்த்தார்.

“அலுவலகத்துக்காரர் என்னவும் எழுதட்டும். இதுக்குள்ளை ஒரு கல்லை வைச்சுப் பூசிவிடு,” என்றார் தவராசாவிடம். தம் மாணவராய் இராத, தம்மைவிடப் பன்னிரண்டு வயதே இளைய ஒருவரை அவர் ‘நீ’ என்றார்.

தவராசா சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “அடைக்கிறதெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ. என்ரை கரண்டியாலை உது நடவாது.”

“ஏன், உனக்கென்ன வந்தது?”

“எனக்கு வரேல்லை. என்ரை அம்மாவுக்கு வந்தது. பதினாறு வயசிலை, நடந்து களைச்சு வந்து, உதுக்கு வெளியிலை நிண்டு கையேந்தினவ.”

தலைவர் வெயில் ஏறுகிறதென்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். தவராசா தம் ஆட்களைக் கூப்பிட்டுச் சாமான்களைக் கட்டச் சொன்னார். முதற்பூச்சு பாதிச் சுவரில் நின்றது. அவர் போனால் அந்தத் திருப்பணி முடியாது. முடிந்தாலும் சீமெந்தில்தான் முடியும். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அதுவரை பிடித்ததில்லை என்பது பிடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“தவராசா, அடைக்க விடமாட்டன். பக்கத்திலை பலகையும் வைப்பம். உள்ளதை உள்ளபடி எழுதுவம்.”

“உள்ளதெண்டால்?”

“நீரே சொல்லும். என்ன எழுத வேணும்?”

அவர் யோசிக்கவில்லை. நெடுநாளாய் வைத்திருந்ததை எடுத்துத் தருவது போலச் சொன்னார்: “இந்தக் கிணத்திலை எங்கடை சனத்தை அள்ள விடேல்லை. இதுக்குள்ளாலை ஊத்தினவை. நாங்கள் வெளியிலை நிண்டு கையேந்திக் குடிச்சம். இவ்வளவுந்தான். ஆரையும் பேசவும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம்.”

நெற்றி நீற்றைத் தொட்டு, நான் வழிபடும் பெருமான்மேல் ஆணையாக எழுதுவேனென்று சொன்னேன். அவர் சாமான்களை அவிழ்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் பூசிய பூச்சைப் போல நான் என் உத்தியோக காலத்திலும் கண்டதில்லை. பனங்கட்டியும் கடுக்காயும் ஊறிய நீர் சேர்த்து, கையால் தேய்த்துத் தேய்த்து, சுவர் முட்டை ஓடு போல வந்தது. அந்தத் துளையைச் சுற்றி மட்டும் பூசாமல் கல்லைக் கல்லாகவே விட்டார். “பாக்கிறவைக்குக் கண்ணிலை படவேணும்,” என்றார்.

சபை கூடியது

அடுத்த கூட்டத்தில் தவராசா சொன்ன வசனத்தைச் செந்தமிழில் எழுதி வாசித்தேன். பதினொரு பேர் இருந்தோம். பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் ஏதோ வழியில் உறவினர்.

“உது முடிஞ்ச விஷயம். முடிஞ்சதை ஏன் கிண்டுறியள்?” என்றார் ஒருவர்.

“இப்ப ஆர் சாதி பாக்கினம்?” என்றார் மற்றொருவர். அவருடைய மகளுக்கு மூன்று வருடமாய் வரன் தேடிக்கொண்டிருந்தார். எந்தெந்தக் குடியில் தேடவில்லை என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

அந்த நேரத்தில் தேநீர் வந்தது. எங்களுக்குக் கண்ணாடிக் கிளாசில். விறாந்தையில் வேலை செய்தவர்களுக்குக் கடதாசிக் குவளையில். சுகாதாரம் கருதி என்று சொன்னார்கள். நானும் கண்ணாடிக் கிளாசை எடுத்துக் குடித்தேன்.

தலைவர் எல்லோரையும் பேசவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் என்னை நன்கறிந்தவர். எங்கே தட்டினால் நான் திறப்பேன் என்பதும் தெரிந்தவர்.

“வெளிநாட்டிலையிருந்து எங்கடை பிள்ளையள் வந்து பாக்கப்போகினம். கல்லிலை வெட்டுறது காலத்துக்கும் நிக்கும். இதைப் பத்திரிகைச் செய்தி மாதிரி எழுதலாமோ? நீர் புலமையுள்ள ஆள். வாக்கும் தவறாமல், சபையின்ரை மானமும் போகாமல், இதையே ஒரு வெண்பாவாய்த் தந்தால் என்ன? உம்மை விட்டால் இந்த வட்டாரத்திலை ஆர் இருக்கினம்?”

என்னை எவரும் மிரட்டவில்லை. என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. என் தமிழைப் புகழ்ந்தார்கள், அவ்வளவுதான். அதற்கே இசைந்தேன்.

ஏழு சீர்

மறுநாள் பூசை முடித்து, பூக்கள் வாடுமுன் எழுத உட்கார்ந்தேன். ‘அள்ள விடேல்லை’ என்பதை யாப்புக்குள் கொண்டுவர முதலில் முயன்றேன். முயன்றேன் என்பதை மட்டும் இறைவன் அறிவான். விலக்கு, தீட்டு, தடை என்ற சொற்கள் ஒவ்வொன்றாய் வந்து நின்றன. ஓசை கெடுகிறதென்று ஒவ்வொன்றாய் அனுப்பிவிட்டேன். வந்தவர்களை வெளியே நிறுத்தும் பழக்கம் எங்களுக்குக் கைவந்ததுதானே.

பிறகு ‘கல்’ என்பதற்குத் ‘தொல்’ என்று எதுகை விழுந்தது. அந்த இன்பத்தை எழுதிப் பழகியவர்கள் அறிவார்கள். உடம்பு புல்லரித்தது. அந்தக் கணத்தில் தவராசாவை அடியோடு மறந்தேன். மீதிச் சீர்கள் வழுக்கிக்கொண்டு வந்தன.

கல்வழியே நீர்வார்த்துக் கால்நடந்த அன்பர்தம்
தொல்விடாய் தீர்த்த துறை.

ஏழு சீரில் தளை தட்டவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், இனித்தது. ‘கல்வழியே’ என்றதில் துளை வந்துவிட்டது, ‘அன்பர்’ என்றதில் அவர்கள் வந்துவிட்டார்கள், ‘தொல்விடாய்’ என்றதில் நெடுங்காலத் துயரமும் வந்துவிட்டது என்று எனக்கு நானே பயன் சொன்னேன். கேட்டவனும் நானேயாகையால் மறுப்பு எழவில்லை.

எங்களவர் செய்த கொடுமை ஒன்றை எங்களவர் செய்த தருமமாக மாற்றுவதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. யுத்தகாலத்துப் பொய்களைப் பற்றி இந்தத் தொடரிலே நான் கடுமையாய் எழுதியிருக்கிறேன். அவற்றை எழுதியவர்களுக்கு எதுகை மோனை தெரிந்திருக்கவில்லை, அதனால் அகப்பட்டுக்கொண்டார்கள்.

சபை ஏகமனதாய் ஏற்றது. மருதனார்மடச் சந்தியில் கல் வெட்டுகிறவரிடம் கொடுத்தோம். தவராசாவின் வேலை அதற்குள் முடிந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு முதல்நாள் மாலை வேறு ஆட்கள் பலகையைப் பதித்தார்கள்; சீமெந்து வைத்தே பதித்தார்கள். மேற்பார்வை செய்த நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று தவராசா தொலைபேசியில் கேட்டார். “ஐயா, எழுத்து வந்திட்டுதோ?”

“வந்திட்டுது.”

“நான் சொன்ன மாதிரியோ?”

“பொருள் அதேதான்,” என்றேன்.

“அப்ப அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். எழுதியிருக்கெண்டு சொன்னால் நம்பமாட்டா. காட்டவேணும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு அலைச்சல் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் அதை என் அன்பென்று எடுத்துக்கொண்டார்.

பயன்

இனி அந்தச் சுவரடிக்குத் திரும்புகிறேன்.

தவராசா பலகையை ஏற்கெனவே வாசித்திருந்தார் என்பதை அவர் முகத்தில் கண்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் அங்கே என்ன இருக்கிறதென்பதைவிட என்ன இல்லையென்பது அவருக்கு நன்றாய் விளங்கியிருந்தது. ஆகவேதான் என்னை வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். பழக்கத்தினால் குரல் தானாகப் பண்ணில் ஏறிற்று. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “நல்ல ராகம், நயினார்,” என்றார். எசமானரை அழைக்கும் பழைய சொல் அது.

“அம்மா, ஐயா எண்டு சொன்னால் காணும்,” என்றார் தவராசா.

“வாய் பழகிப்போச்சு மோனை.” என்னைப் பார்த்தார். “அது என்ன சொல்லுது, ஐயா?”

ஆயிரம் பேருக்கு முன் பயன் சொல்லியிருக்கிறேன். மேடையில் இருக்கும்போது ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல்லை நிறுத்தலாம். இரண்டு முழத் தூரத்தில் நின்று ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் பேச்சுத் தமிழில்தான் சொல்ல வேண்டும்.

“நடந்து வந்த அன்பர்களின்ரை நீண்ட நாள் தாகத்தைக் கல்லுக்குள்ளாலை தண்ணி வார்த்துத் தீர்த்த இடம் இதெண்டு சொல்லுது, அம்மா.”

“அன்பர் எண்டால் ஆர்?”

தவராசா கல்லைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள்தான். உங்கடை ஆக்கள்.”

“எங்களையோ?” அவர் கையை நீட்டி, வெட்டிய எழுத்துகளில் ஒன்றை விரலால் தடவினார். “எங்களை ஒருதரும் உப்பிடிக் கூப்பிட்டதில்லையே, ஐயா. உதிலை நிண்டு கை தட்டவேணும். உள்ளையிருந்து ஆர் எண்டு கேப்பினம். நாங்கள் சாதியைத்தான் சொல்லுறது. பேரைச் சொன்னால் ஊத்தமாட்டினம்.”

கோபத்தோடு சொல்லவில்லை. ஆள் மாறி எழுதிவிட்டீர்கள், பிறகு குழப்பம் வரும் என்று எச்சரிப்பது போல, நல்ல மனதோடு சொன்னார்.

“வாங்கோ அம்மா. ஓட்டோ நிக்குது,” என்றார் தவராசா.

“சாமி கும்பிடேல்லையோ?”

“கும்பிட்டது காணும்.”

அவர் தாயாரைக் கைப்பிடியாய் ஓட்டோவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு, மறுபடியும் நான் நின்ற இடத்துக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு இலேசாயிருந்திருக்கும்.

“பொருள் அதேதான் எண்டியள்.”

என் கண் பலகைக்குப் போயிற்று.

“எனக்குப் போர்க்கிறதுக்கு மேடையிலை ஒரு சால்வை வைச்சிருக்காம். அதைச் சுருட்டி உந்தத் துளைக்குள்ளை அடைச்சுவிடுங்கோ, ஐயா. உங்கடை தலைவர் அண்டைக்குச் சொன்ன வேலையும் முடிஞ்சுதெண்டு இருக்கட்டும்.”

ஓட்டோ வெங்காயத் தோட்டத்து ஒழுங்கையால் திரும்பி மறைந்தது. ஒலிபெருக்கியில் தலைவர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். பிரதம விருந்தினர் வெண்பாவின் நயத்தை அறிய ஆவல்படுகிறாராம். இயற்றியவரே வந்து பயன் சொல்ல வேண்டுமாம்.

போகாமல் இருந்திருக்கலாம். போய், சற்று முன் கேட்டதை அப்படியே ஒலிவாங்கியில் சொல்லியும் இருக்கலாம். இரண்டுக்கும் வேண்டிய வயதும் குரலும் எனக்கு இருந்தன. என் தொழிலோ சம்பளமோ அன்று எவர் கையிலும் இல்லை. எனக்கு இழக்க இருந்ததெல்லாம் பந்தலில் முன்வரிசையில் ஒரு கதிரை.

போனேன். எதுகையில் தொடங்கி, மோனையை எடுத்துக்காட்டி, சீர் சீராய்ப் பிரித்துக் கால்மணி நேரம் பயன் சொன்னேன். ‘அன்பர்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஐந்து நிமிடம் எடுத்தேன். நன்றாகவே சொன்னேன். நெடுநேரம் கைதட்டினார்கள்.